கிளாம்ஸ் கோட்டையில் ஒரு காலி நாற்காலி



போன மாதம் மாலை நடைப்பயிற்சி முடித்து, பிள்ளையார் சந்நிதிக்குப் பக்கத்து பெஞ்சில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தோம். ஸ்காட்லாந்தில் படிக்கும் தன் பேத்தி கொண்டுவந்தது என்று நண்பர் ஒருவர் ஒரு பழைய பத்து பவுண்டு நோட்டை எடுத்து நீட்டினார். முப்பத்தாறு வருடம் வங்கியில் நோட்டு எண்ணிய கை சும்மா இருக்குமா? வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஸ்காட்லாந்தில் ஒரு விசேஷம் உண்டு. அங்கே மூன்று தனியார் வங்கிகள் இன்றும் தங்கள் பெயரிலேயே நோட்டு அச்சிடுகின்றன. என் கையில் இருந்தது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வெளியிட்ட காகித நோட்டு. 2018ல் அது புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதன் பின்பக்கத்தில் கோபுரங்களும் கூம்புக் கூரைகளுமாக ஒரு கோட்டை. அதுதான் கிளாம்ஸ் கோட்டை என்றார் நண்பர். ஸ்காட்லாந்திலேயே பேய்க்குப் பேர்போன கோட்டை அது, சூனியக்காரி என்று எரிக்கப்பட்ட ஒரு பெண்ணின் ஆவி இன்றும் அங்கே உலவுகிறது என்று பேத்தி சொன்னாளாம்.

பேய்க் கதை என்றால் எனக்கு எப்போதும் ஆசை. வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பேயில் ஆரம்பித்தது, அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் வந்து நின்றது. பேயைவிட அந்த வாழ்க்கைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

கோட்டையும் அதன் கதைகளும்

ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியில், டண்டீ நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கிளாம்ஸ் கிராமம். ஆங்கிலத்தில் எழுதும்போது கிளாமிஸ் என்பது போலத் தோன்றும். ஆனால் உள்ளூர்க்காரர்கள் கிளாம்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆதியில் அங்கே அரசர்களின் வேட்டை மாளிகை இருந்தது. 1034ல் இரண்டாம் மால்கம் மன்னர் அங்கேதான் உயிர்விட்டார் என்பது பழைய வழக்கு. 1372ல் இரண்டாம் ராபர்ட் மன்னர் அந்த இடத்தை சர் ஜான் லயன் என்பவருக்குக் கொடுத்தார். பிறகு அவர் மன்னரின் மகளையே மணந்துகொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை, நடுவில் ஒரு சில வருடங்கள் தவிர, லயன் குடும்பத்தின் கையில்தான் கோட்டை இருக்கிறது. அந்தச் சில வருடங்கள் எப்படி வந்தன என்பதுதான் நம் கதை.

ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகம் படித்தவர்களுக்குக் கிளாம்ஸ் என்ற பெயர் நினைவிருக்கும். மேக்பெத்தை அந்தப் பகுதியின் தலைவனாக அவர் காட்டியிருப்பார். அதை வைத்து, டங்கன் மன்னன் கொல்லப்பட்ட கூடம் என்று கோட்டையில் ஒரு கூடத்தைக் காட்டுகிறார்கள். நிஜத்தில் டங்கன் 1040ல் வடக்கே எல்ஜின் பக்கத்தில் போரில் இறந்தவர். நிஜ மேக்பெத்துக்கும் கிளாம்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கூடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, பார்க்க வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதுபோல இன்னும் பல உண்டு. தாடிப் பிரபு என்று ஒருவர். சனிக்கிழமை இரவு சீட்டாட்டத்தில் மூழ்கியிருந்தாராம். நள்ளிரவு தாண்டினால் ஞாயிறு. அவர்களுக்கு அது புனித நாள், ஆடக்கூடாது. சாத்தானே வந்தாலும் ஆடுவேன் என்று சவால் விட்டாராம். கதவைத் தட்டி ஒரு அந்நியன் வந்து உட்கார்ந்தானாம். அன்று முதல் சுவர் எழுப்பி மூடிய ஓர் அறையில் உலகம் முடியும்வரை ஆடிக்கொண்டே இருக்கிறார் என்பது கதை.

இன்னொன்று கிளாம்ஸ் விகார உருவம். 1821ல் வாரிசாகப் பிறந்த ஒரு குழந்தை பிறந்த அன்றே இறந்துவிட்டதாகக் குடும்பப் பதிவேடு சொல்கிறது. இல்லை, உருவம் கோணலாகப் பிறந்ததால் ரகசிய அறையில் வைத்து வளர்த்தார்கள் என்று ஊர் சொன்னது. விருந்தாளிகள் சிலர் அந்த அறையைக் கண்டுபிடிக்க ஒரு வேலை செய்தார்களாம். போய்வர முடிந்த அறைகளின் ஜன்னலில் எல்லாம் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, வெளியே வந்து நின்று பார்த்தார்களாம். துண்டு தொங்காத ஜன்னல்களும் இருந்தனவாம். நம் டவர்களில் துணி காயப்போடுவது பற்றிப் பொதுக்குழுவில் நடக்கும் சண்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இவை எல்லாவற்றையும் விடப் பெயர்பெற்றது சாம்பல் நிறச் சீமாட்டி. கோட்டைக்குள் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. சுமார் 45 பேர் உட்காரலாம். அதில் ஓர் இருக்கையில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது. அது அந்தச் சீமாட்டியின் இடம். அங்கே அவர் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்வதைப் பலர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவர்தான் ஜேனட் டக்ளஸ். கிளாம்ஸ் பிரபுவின் மனைவி. 1537ல் எரிக்கப்பட்டவர்.

பிறந்த வீடு

ஜேனட் பிறந்தது 1500ஐ ஒட்டி. டக்ளஸ் குடும்பம் என்றால் ஸ்காட்லாந்தில் அரசனுக்கு அடுத்த பலம். பலம் என்று சொல்வதைவிட அரசனுக்கே பயம் என்று சொல்லலாம். நிலம், ஆள், கோட்டை எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஜேனட்டின் தாத்தா ஆங்கஸ் பிரபு. அப்பா ஜார்ஜ் டக்ளஸ், அந்தப் பட்டத்துக்கு வாரிசு.

1513 செப்டம்பர் 9. ஃபிளாடன் என்ற இடத்தில் ஆங்கிலேயர்களோடு பெரும் போர். ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் களத்திலேயே விழுந்தார். ஜேனட்டின் அப்பாவும் அதே களத்தில் இறந்தார். அவளுக்கு அப்போது பதின்வயதுதான் இருக்கும். சீக்கிரமே தாத்தாவும் போக, அண்ணன் ஆர்ச்சிபால்டு ஆங்கஸ் பிரபு ஆனார்.

செத்துப்போன மன்னருக்கு மகன் ஒன்றரை வயதுகூட நிரம்பாத குழந்தை. அந்தக் குழந்தைதான் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர். அம்மா மார்கரெட் டியூடர், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் சகோதரி. புருஷன் இறந்து ஒரு வருடம் ஆவதற்குள், 1514 ஆகஸ்டில், அந்த ராணி ஜேனட்டின் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரே நாளில் அண்ணன் மன்னனுக்குச் சித்தப்பா முறை ஆகிவிட்டார். ஜேனட் மன்னனுக்கு அத்தை முறை.

இந்த உறவு முறையை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கல்யாணம் நிலைக்கவில்லை. ராணிக்கும் பிரபுவுக்கும் சண்டை முற்றி, 1527ல் திருமணம் ரத்தானது. ஆனால் அதற்கு முன்பே பிரபு ஒரு காரியம் செய்துவிட்டார். சிறுவனான மன்னனைத் தன் காவலில் வைத்துக்கொண்டார். கையெழுத்து மன்னனுடையது, உத்தரவு டக்ளஸ் குடும்பத்துடையது. பதவிகள் எல்லாம் அவர்கள் ஆட்களுக்கே போயின. வளர்கிற பையன், பெயருக்குத்தான் அரசன், வெளியே போக அனுமதி கிடையாது. அவன் மனதில் என்ன வளர்ந்திருக்கும் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

1528ல், பதினாறு வயதில், ஐந்தாம் ஜேம்ஸ் தப்பித்து ஸ்டர்லிங் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். போனவுடன் செய்த முதல் வேலை டக்ளஸ் குடும்பத்தை ஒழிக்கக் கிளம்பியதுதான். பிரபுவின் சொத்துகள் பறிமுதல். நாட்டுக்குள் கால் வைத்தால் தலை போகும். பிரபுவின் டான்டாலன் கோட்டையை மன்னன் முற்றுகையிட்டான், பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1529ல் பிரபு தம்பியோடு இங்கிலாந்துக்கு ஓடிவிட்டார். எட்டாம் ஹென்றி அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். மன்னனின் கைக்கு அவர் எட்டவில்லை.

அண்ணன் தம்பிகள் போய்விட்டார்கள். தங்கை ஊரிலேயே இருந்தாள்.

புகுந்த வீடு

ஜேனட் அப்போது கிளாம்ஸ் சீமாட்டி. ஜான் லயன், ஆறாவது கிளாம்ஸ் பிரபு, அவருடைய கணவர். பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவன் பெயரும் ஜான். அண்ணன் விழுந்த அதே 1528ல் கணவரும் இறந்துபோனார். பிறந்த வீடு போயிற்று, புகுந்த வீட்டில் துணையும் போயிற்று.

அந்த வருட டிசம்பரிலேயே முதல் குற்றச்சாட்டு வந்தது. அண்ணனுடைய ஆட்களுக்கு உதவி செய்தார், ஆகவே ராஜத்துரோகம் என்று. அது நிற்கவில்லை. அடுத்து வந்தது இன்னும் கொடுமையான ஒன்று. தன் கணவரையே விஷம் வைத்துக் கொன்றார் என்று.

அந்த வழக்கு 1532ல் விசாரணைக்கு வந்தபோது நடந்ததை நான் இரண்டு முறை படித்தேன். தீர்ப்புச் சொல்லும் குழுவில் உட்கார அந்த வட்டாரத்துப் பிரபுக்களையும் நிலக்காரர்களையும் அழைத்தார்கள். வராவிட்டால் அபராதம். பலர் வரவே இல்லை. அபராதம் கட்டுகிறோம், இந்தப் பாவத்துக்கு ஆளாக மாட்டோம் என்பது போல வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். குழு சேராமல் வழக்கு படுத்துவிட்டது.

இறந்த கணவரை அறிந்தவர்கள் அவர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள். இவர் கொன்றிருப்பார் என்று அவர்கள் நம்பியிருந்தால் வராமல் இருப்பார்களா? ராஜாவின் கோபத்துக்கும் பயப்படாமல், தங்கள் கைப்பணத்தைக் கொடுத்து ஒரு பெண்ணைக் காப்பாற்றினார்கள். அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. ஆனாலும் ஐந்து வருடம் அவருக்கு ஆயுள் கூட்டியவர்கள் அவர்கள்தான்.

இந்த இடைவெளியில் ஜேனட் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாவது கணவர் ஸ்கிப்னெஸ் ஊரைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு கேம்பெல், அவரும் பெரிய குடும்பம்தான். வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது போலத் தோன்றியது.

1537 ஜூலை

மன்னனுக்கு இப்போது 25 வயது. 1537 ஜனவரி 1ஆம் தேதி பாரிஸ் நகரில் பிரெஞ்சு மன்னரின் மகள் மேடலினைத் திருமணம் செய்தான். மே மாதம் மனைவியோடு ஊர் திரும்பினான். அந்த இளம் ராணிக்கு உடல்நிலை சரியில்லை. ஜூலை 7ஆம் தேதி இறந்துவிட்டார். ஸ்காட்லாந்து மண்ணில் அவர் இருந்தது இரண்டு மாதத்துக்கும் குறைவு. அரண்மனையே துக்கத்தில் இருந்தது.

அந்த ஜூலையிலேயே இரண்டு சதி வழக்குகள் எழுந்தன. ஃபோர்ப்ஸ் குடும்பத்து வாரிசு மன்னனைச் சுட்டுக் கொல்லத் திட்டமிட்டார் என்று ஒன்று. அவருக்கும் மரணம். இன்னொன்று ஜேனட் மீது. மன்னனை விஷம் வைத்துக் கொல்லச் சதி செய்தார், நாட்டைவிட்டு ஓடிய அண்ணன் ஆங்கஸ் பிரபுவுக்கும் இன்னொரு சகோதரன் ஜார்ஜுக்கும் உதவினார் என்பது குற்றச்சாட்டு.

இந்த முறை குழு சேர்ந்தது. ஜூலை 17ஆம் தேதி குற்றவாளி என்று தீர்ப்பு. அதே நாள் எடின்பரோ கோட்டைக்கு எதிரே உள்ள காஸில் ஹில் மேட்டில் அவரைக் கட்டிவைத்து உயிரோடு எரித்தார்கள். காலையில் விசாரணை, பொழுது சாய்வதற்குள் சாம்பல் என்ற கணக்கு. மேல்முறையீடு, கருணை மனு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பதினாறு வயது மகன் ஜானை அந்தத் தீயைப் பார்க்க வைத்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவனும் அப்போது கைதிதான். சித்திரவதைக்குப் பயந்து, சதி பற்றித் தெரியும் என்று அவன் வாக்குமூலம் கொடுத்திருந்தான். அவனுக்கும் மரண தண்டனை விதித்து, வயது வரும்வரை நிறுத்தி வைத்தார்கள். கணவர் கேம்பெல் எடின்பரோ கோட்டையிலிருந்து தப்ப முயன்றார். கயிறோ கையோ தவறி, கீழே பாறையில் விழுந்து இறந்தார்.

பெர்விக் எல்லை நகரில் இருந்த ஆங்கிலேய அதிகாரி தன் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், அந்தச் சீமாட்டி எரிக்கப்பட்டதற்கு உருப்படியான ஆதாரம் எதுவும் இல்லை என்ற கருத்தைத் தெரிவித்திருக்கிறார். அவர் எதிரி நாட்டுக்காரர், ஒரு பக்கமாகச் சொல்லியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து வருடம் முன்பு அபராதம் கட்டிய உள்ளூர்க்காரர்கள் எதிரிகள் இல்லையே.

கோட்டை யாருக்குப் போயிற்று?

வணிகவியல் படித்தவனுக்கு ஒரு பழக்கம். ஒரு பற்று எழுதினால் வரவு எங்கே என்று தேடுவான். ஜேனட்டின் உயிர் பற்று. வரவு யார் கணக்கில்?

மன்னன் கணக்கில். கிளாம்ஸ் கோட்டையும் நிலங்களும் அரசுடைமை ஆயின. ஐந்தாம் ஜேம்ஸ் அங்கேயே வந்து தங்கி தர்பார் நடத்தினான். இரண்டாவது மனைவி மேரி ஆஃப் கீஸ் ராணியும் அங்கே வந்து தங்கினார். லயன் குடும்பம் கோட்டையை இழந்திருந்த அந்தச் சில வருடங்கள் இவைதான்.

1542ல் சால்வே மாஸ் என்ற இடத்தில் ஆங்கிலேயரிடம் தோற்று, மனமுடைந்து, அந்த டிசம்பர் 14ஆம் தேதி மன்னன் இறந்தான். வயது 30. பட்டத்துக்கு வந்தது பிறந்து ஆறே நாளான பெண் குழந்தை மேரி. பிற்காலத்தில் அவரும் வெட்டுப்பட்டுச் செத்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை.

மன்னன் கண்ணை மூடியதும் ஜேனட்டின் மகன் விடுதலையானான். அவனுடைய வாக்குமூலம் பயமுறுத்தி வாங்கப்பட்டது என்று ஏற்றுக்கொண்டு, 1543ல் நாடாளுமன்றம் கோட்டையையும் நிலத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதே வருடம் அண்ணன் ஆங்கஸ் பிரபுவும் நாடு திரும்பினார். சொத்து, பட்டம் எல்லாம் திரும்பக் கிடைத்தது. 1557 வரை இருந்து இயற்கையாக மரணமடைந்தார். மன்னனைக் காவலில் வைத்தவர் அவர். அந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தவர் அவர் தங்கை.

பேய்க் கதையைத் தணிக்கை செய்தால்

இப்போது சாம்பல் நிறச் சீமாட்டிக்கு வருவோம். ஜேனட்டைப் பற்றி இன்று இணையத்தில் எங்கே பார்த்தாலும், சூனியக்காரி என்று எரிக்கப்பட்டவர் என்றே ஆரம்பிக்கிறார்கள். நான் படித்ததை வைத்து ஒரு சின்ன ஆடிட் செய்து பார்த்தேன்.

முதலாவது, அவர் மேல் பதிவான குற்றம் ராஜத்துரோகம். விஷம், சகோதரர்களுக்கு உதவி, இவ்வளவுதான். சூனியம் என்ற பேச்சே அதில் இல்லை.

இரண்டாவது, ஸ்காட்லாந்தில் சூனியத்துக்கு மரண தண்டனை என்ற சட்டம் வந்தது 1563ல். ஜேனட் இறந்து 26 வருடம் கழித்து. பெரிய அளவில் சூனிய வேட்டை நடந்தது இன்னும் பின்னால், 1590ல், ஐந்தாம் ஜேம்ஸின் பேரன் ஆறாம் ஜேம்ஸ் காலத்தில்.

மூன்றாவது, எரித்தார்கள் என்பதாலேயே சூனியம் என்று ஆகாது. இங்கிலாந்திலும் அந்தக் காலத்தில் துரோகக் குற்றத்துக்கு ஆண்களுக்கு ஒரு விதம், பெண்களுக்கு எரிப்பு என்ற வழக்கம் இருந்தது.

நான்காவது, அவர் பிரார்த்தனை செய்வதாகச் சொல்லும் தேவாலயம் 1688ல் அர்ப்பணிக்கப்பட்டது. அவர் இறந்து 151 வருடத்துக்குப் பிறகு. கண்ணால் பார்க்காத கோயிலில் அவருக்கு இருக்கை போட்டிருக்கிறார்கள்.

பிறகு எப்படிச் சூனியக்காரி ஆனார்? எனக்குத் தோன்றுவது இது. அவர் எரிக்கப்பட்ட அதே காஸில் ஹில் மேட்டில்தான் பிற்காலத்தில் சூனியக்காரிகள் என்று பலரைக் கொன்றார்கள். அவர்கள் நினைவாக 1894ல் அங்கே ஒரு நீரூற்றுச் சின்னம்கூட வைத்தார்கள். ஒரே இடம், ஒரே விதமான மரணம். ஒரு கணக்கின் தொகை பக்கத்துக் கணக்கில் ஏறிவிட்டது. நாங்கள் இதைத் தவறான பதிவு என்போம். யாரும் வேண்டுமென்று செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் யாரும் திருத்தவும் இல்லை.

இதனால் என்ன குறைந்துவிட்டது, செத்தவருக்கு எந்தப் பெயராக இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். குறைந்தது இதுதான். சூனியக்காரி என்று சொன்னவுடன் அது அந்தக் காலத்து மூடநம்பிக்கை ஆகிவிடுகிறது. ஜனங்கள் அறியாமல் செய்தார்கள் என்று நாம் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அறியாமல் செய்தது அல்ல அது. செய்தவன் யார், ஏன் செய்தான், யாருக்கு லாபம் என்பதெல்லாம் தெளிவாக இருந்த ஒரு காரியம். எட்டாத அண்ணனுக்குப் பதிலாக எட்டிய தங்கை. பேய்க் கதை ஜேனட்டின் பெயரைக் காப்பாற்றியது, மன்னனையும் காப்பாற்றிவிட்டது.

ஐயாயிரம் ரூபாய்

இதை எழுதும்போது ஒரு முகம் அடிக்கடி நினைவுக்கு வந்தது. சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் நான் ஒரு கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். கேஷ் கவுண்டரில் ஓர் அம்மா. ஒரு மாலை கேஷ் டாலி ஆகவில்லை. ஐயாயிரம் குறைந்தது. அன்று அது இரண்டு மூன்று மாதச் சம்பளம். இரவு எட்டு மணிவரை தேடினோம். கிடைக்கவில்லை. மறுநாள் அந்த அம்மா தன் வளையலை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார். ஆபீஸில் பேச்சு ஆரம்பமாயிற்று. வீட்டில் கஷ்டமாம், தம்பிக்கு வேலை இல்லையாம், மச்சினிக்குக் கல்யாணமாம். நானும் டீ குடித்துக்கொண்டே கேட்டேன்.

பத்து நாள் கழித்துச் சேமிப்புக் கணக்குப் பேரேட்டை பேலன்ஸ் செய்தேன். அதே ஐயாயிரம் வித்தியாசம். வவுச்சர் கட்டுகளை எல்லாம் பிரித்துப் பார்த்ததில், பணம் கொடுக்கப்பட்ட ஒரு வவுச்சர் வேறொரு வவுச்சரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கேஷ் புத்தகத்தில் அது எழுதப்படவே இல்லை. பணம் எங்கும் போகவில்லை, முறையாகத்தான் வாடிக்கையாளருக்குப் போயிருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. வளையலும் திரும்பியது. சில மாதங்களில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்து வருடம் கழித்து ஒரு பிரிவுபசார விழாவில் அவர் பெயர் அடிபட்டது. புதிதாக வந்த ஒரு பையன், அந்த ஐயாயிரம் ரூபாய் கேஸ் அம்மாதானே என்று கேட்டான். மேஜையில் சிலர் சிரித்தார்கள். அந்த வவுச்சரைக் கண்டுபிடித்தவன் நான். என்னைத் தவிர அங்கே விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. விழாவில் எதற்கு என்று பேசாமல் மைசூர்பாகு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கிளாம்ஸ் வட்டாரத்து நிலக்காரர்கள் அபராதம் கட்டி வாயைக் காத்தார்கள். எனக்கு அபராதம்கூடக் கிடையாது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

கடைசியாக ஒரு கணக்கு

கோட்டைக்கே திரும்புவோம். ஜேனட்டின் மகன் ஜான் ஏழாவது கிளாம்ஸ் பிரபு ஆனார். அவர் வம்சம் தழைத்தது. 1677ல் ஸ்ட்ராத்மோர் பிரபுக்கள் என்று பட்டம் உயர்ந்தது. அந்த வம்சத்தில் 1900ல் பிறந்தவர் எலிசபெத் போவ்ஸ் லயன். சிறுவயதில் விடுமுறை நாட்களை கிளாம்ஸில் கழித்தவர். முதல் உலகப் போரின்போது கோட்டை காயம்பட்ட வீரர்களுக்கான ஓய்வு மருத்துவமனை ஆனபோது அங்கே உதவி செய்தவர். பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ராணி ஆனார். இரண்டாவது மகள் மார்கரெட் 1930ல் கிளாம்ஸ் கோட்டையிலேயே பிறந்தார். மூத்த மகள்தான் நாமெல்லாம் அறிந்த இரண்டாம் எலிசபெத் ராணி.

அதாவது, எரிக்கப்பட்ட ஜேனட்டின் வாரிசுகள்தான் இன்று பிரிட்டிஷ் அரியணையில் இருக்கிறார்கள். ஐந்தாம் ஜேம்ஸின் ரத்தமும் அதே குடும்பத்தில், மேரி வழியாக, ஓடுகிறது. ஓடிப்போன ஆங்கஸ் பிரபுவின் ரத்தமும்கூட. அவருக்கும் ராணி மார்கரெட்டுக்கும் பிறந்த மகளின் பேரன்தான் ஆறாம் ஜேம்ஸ். உறவு முறையை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, இதற்காகத்தான். எரித்தவன், எரிந்தவர், ஓடியவர் மூவரும் இன்றைய மன்னர் சார்லஸுக்கு முன்னோர்கள்.

தேவாலயத்து நாற்காலி இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. ஆவி வருகிறதோ இல்லையோ, அந்த இடத்தை எடுக்க வேண்டாம் என்பதே என் கட்சி. அந்தப் பக்கம் போகிற நம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அங்கே போனால், அந்த நாற்காலிக்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பக்கத்தில் யாராவது சூனியக்காரி என்று ஆரம்பித்தால், இல்லை, அவர் ஒருவருடைய தங்கை, அதனால்தான் கொன்றார்கள் என்று சொல்லுங்கள்.

நண்பரிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்படியானால் பேய் இல்லையா என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார். இருக்கிறது, ஆனால் அது கிளாம்ஸில் இல்லை என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிள்ளையாருக்குத் தீபாராதனை மணி அடித்தது, எழுந்து போனோம்.

(கட்டுரையாளர் நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்.)